ஒமாஹா போக்கர்: கையில் இரண்டு, மேசையில் மூன்று – விதிகளைக் கற்க முழுமையான வழிகாட்டி

டெக்சஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு, மேசையில் ஐந்து, அந்த ஏழில் எந்த ஐந்தும் செல்லும் போக்கர் வகை) ஆடத் தெரிந்தவர்களிடம் ஒமாஹாவைப் பற்றிச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "ரெண்டு சீட்டுக்குப் பதிலா நாலு சீட்டு, அவ்வளவுதானே?" என்பதுதான். இல்லை. நாலு சீட்டு என்பது பாதி விதி. மீதிப் பாதி இது: அந்த நாலில் சரியாக இரண்டையும், மேசையில் திறந்திருக்கும் ஐந்தில் சரியாக மூன்றையும் எடுத்துத்தான் உங்கள் ஐந்து சீட்டுக் கையை அமைக்க வேண்டும். ஒன்று கூடினாலும் செல்லாது, ஒன்று குறைந்தாலும் செல்லாது. ஒமாஹாவில் புதியவர்கள் இழப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு வரியை மறந்ததால் இழப்பது. அதனால் இந்த வழிகாட்டியில் மற்ற விதிகளைச் சுருக்கமாகவும் இதை மட்டும் விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

போக்கரே ஆடியதில்லை என்றாலும் இதைப் படிக்கலாம். ஜோக்கர் நீக்கிய 52 சீட்டுக் கட்டு ஒன்றும், பந்தயத் தொகையைக் குறிக்கும் வில்லைகளான சிப்ஸும் போதும். சிப்ஸ் இல்லாவிட்டால் பட்டன், தீக்குச்சி எதுவானாலும் சரி. கற்றுக்கொள்ளும் காலத்தில் காசு வைத்து ஆடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கையைப் படிக்கத் தெரியும் முன் காசு நடுவில் வந்தால், கவனம் சீட்டை விட்டு அதன் மேல் போய்விடும். காசு வைத்து ஆடுவது சட்டப்படி சரியா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

ஒமாஹா என்பது அமெரிக்க நகரம் ஒன்றின் பெயர். ஆனால் ஆட்டம் பரவியது லாஸ் வேகஸிலிருந்து. 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் டர்னர் என்ற ஆட்டக்காரர் இதை போக்கர் அறை நடத்திவந்த பில் பாய்டிடம் கொண்டுவந்தார். பாய்டு அதை கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதியில் "நக்கெட் ஹோல்டெம்" என்ற பெயரில் நடத்தினார். இன்று அதிகம் ஆடப்படுவது பாட்-லிமிட் ஒமாஹா (பந்தயமாக நடுவில் சேரும் மொத்தத் தொகைதான் பாட்; ஒருவர் எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு அதுவே வரம்பு). அதைத்தான் இங்கே முதலில் பார்க்கப் போகிறோம். பாட்டை இரண்டாகப் பிரிக்கும் ஹை-லோ வகை கடைசியில் வரும்.

படி 1: எந்தக் கை எதை வெல்லும்

போக்கரில் ஐந்து சீட்டு சேர்ந்ததுதான் ஒரு கை. மேலிருந்து கீழாக வரிசை இது.

ராயல் ஃப்ளஷ்: ஒரே வகையில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10.
ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்: ஒரே வகையில் தொடர்ச்சியாக ஐந்து.
குவாட்ஸ்: ஒரே எண்ணில் நாலு.
ஃபுல் ஹவுஸ்: ஒரு எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு.
ஃப்ளஷ்: ஒரே வகையில் ஏதாவது ஐந்து.
ஸ்ட்ரெய்ட்: வகை கலந்து தொடர்ச்சியாக ஐந்து.
ஒரே எண்ணில் மூன்று.
இரண்டு ஜோடி.
ஒரு ஜோடி.
எதுவும் சேரவில்லை என்றால், இருப்பதில் பெரிய சீட்டு.

வகை என்று நான் சொல்வது இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நான்கையும். போக்கரில் இவற்றுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. இஸ்பேட் ஃப்ளஷ் ஆட்டின் ஃப்ளஷை வெல்லாது, உள்ளே இருக்கும் பெரிய சீட்டுதான் தீர்மானிக்கும். ஸ்ட்ரெய்ட்டில் ஏஸ் இரண்டு முனையிலும் நிற்கலாம்: 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் செல்லும், ஏஸ்-2-3-4-5-உம் செல்லும். ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றிக்கொண்டு போக முடியாது. ரம்மி ஆடிப் பழகியவர்கள் ஸ்ட்ரெய்ட்டுக்கு ஒரே வகை வேண்டும் என்று நினைத்துவிடுவார்கள். இங்கே வேண்டாம்.

படி 2: உட்காருவதும் ப்ளைண்ட் வைப்பதும்

இரண்டு பேரிலிருந்து பத்துப் பேர் வரை ஆடலாம். பத்துப் பேருக்கு நாலு நாலாக 40, மேசைக்கு 5, ஒதுக்கி வைக்க 3, மொத்தம் 48. கட்டு தாங்கும். ஆனால் கற்றுக்கொள்ள நாலைந்து பேர் இருந்தால் நல்லது.

டீலர் யார் என்பதைக் காட்ட ஒருவர் முன்னால் ஒரு பட்டன் இருக்கும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அது இடப்பக்கம் ஒருவர் நகரும். பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவர் ஸ்மால் ப்ளைண்ட், அடுத்தவர் பிக் ப்ளைண்ட். சீட்டைப் பார்க்கும் முன்பே இவர்கள் இருவரும் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை அது. இந்தக் கட்டுரை முழுவதும் 5, 10 என்று வைத்துக்கொள்வோம். இரண்டே பேர் ஆடினால் மட்டும் பட்டனில் இருப்பவரே ஸ்மால் ப்ளைண்ட் வைப்பார்.

படி 3: ஆட்டம் ஓடும் விதம்

கட்டைக் கலைத்து, வெட்டி, டீலரின் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு எல்லோருக்கும் நாலு சீட்டு. அவரவர் சீட்டை அவரவர் மட்டும் பார்க்க வேண்டும்.

முதல் சுற்றுப் பந்தயம் பிக் ப்ளைண்டுக்கு அடுத்தவரிடம் தொடங்கும். அவருக்கு மூன்று வழி. சீட்டைக் கவிழ்த்து விலகுவது ஃபோல்ட். முன்னால் இருக்கும் தொகையைச் சமமாகப் போடுவது கால். அதை உயர்த்துவது ரெய்ஸ். உள்ளே இருக்கும் எல்லோரும் சமமான தொகை போட்டதும் சுற்று முடியும். யாரும் உயர்த்தாமல் பிக் ப்ளைண்ட் வரை வந்தால், அவருக்கும் ஒருமுறை உயர்த்த வாய்ப்பு உண்டு. புதிதாக ஆடுபவர்கள் இதைப் பலமுறை தவறவிட்டு அடுத்த சீட்டைத் திறந்துவிடுகிறார்கள்.

பிறகு டீலர் கட்டின் மேல் சீட்டு ஒன்றைத் திறக்காமல் ஒதுக்கிவிட்டு, மூன்று சீட்டைத் திறந்து நடுவில் வைப்பார். அது ஃப்ளாப். மறுபடி பந்தயம். இந்த முறை பட்டனுக்கு இடப்பக்கம் ஆட்டத்தில் இருக்கும் முதல் ஆளிடம் தொடங்கும். யாரும் எதுவும் போடாத வரை "செக்" சொல்லி நகர்த்தலாம், அல்லது புதிதாக பெட் (பந்தயத் தொகை) வைக்கலாம். மறுபடி ஒரு சீட்டை ஒதுக்கிவிட்டு நாலாவது சீட்டு, டர்ன். பந்தயம். இன்னொன்றை ஒதுக்கி ஐந்தாவது சீட்டு, ரிவர். கடைசிப் பந்தயம். அதற்குப் பிறகும் இரண்டு பேராவது மிச்சமிருந்தால் சீட்டைக் காட்ட வேண்டும். நடுவிலேயே எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சிய ஒருவர் எதையும் காட்டாமல் பாட்டை எடுத்துக்கொள்வார்.

இதுவரை எல்லாம் ஹோல்டெமிலும் உள்ளதுதான். இனிமேல்தான் ஒமாஹா.

படி 4: இரண்டும் மூன்றும்

கையில் உள்ள நாலை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டிரண்டாக எடுத்தால் அ-ஆ, அ-இ, அ-ஈ, ஆ-இ, ஆ-ஈ, இ-ஈ என்று ஆறு ஜதை. ஹோல்டெமில் ஒரே ஒரு ஜதை, இங்கே ஆறு. மேசையின் ஐந்தில் மூன்று மூன்றாக எடுக்கப் பத்து வழி. ஆக ரிவரில் உங்களுக்கு 60 விதமான ஐந்து சீட்டுக் கைகள் இருக்கின்றன. அவற்றில் பெரியதுதான் உங்கள் கை. அறுபதையும் எண்ண வேண்டாம், கண் பழகிவிடும். ஆனால் தொடக்கத்தில் கண்ணை நம்பக் கூடாது. ஏன் என்று மூன்று கைகளைப் பரப்பிப் பார்ப்போம்.

முதலாவது. மேசையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 9, ஆட்டின் 7, ஆட்டின் 2, கிளாவர் 4. உங்கள் கையில் ஆட்டின் ஏஸ், இஸ்பேட் ஏஸ், டைமன் ராணி, கிளாவர் 3. மேசையில் நாலு ஆட்டின், கையில் ஆட்டின் ஏஸ். ஹோல்டெமாக இருந்தால் இதற்கு மேல் கை கிடையாது. ஒமாஹாவில் இது ஃப்ளஷே இல்லை. மேசையிலிருந்து மூன்று ஆட்டின்தான் எடுக்கலாம். மீதி இரண்டும் கையிலிருந்து வர வேண்டும், கையில் இருப்பதோ ஒன்று. உங்கள் உண்மையான கை ஒரு ஜோடி ஏஸ். ஆட்டின் 5-உம் ஆட்டின் 3-உம் வைத்திருப்பவரின் குட்டி ஃப்ளஷ் உங்களை வென்றுவிடும். ஒமாஹா பழகிய முதல் வாரத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு மேசையில் என் சிப்ஸ் முழுவதையும் தள்ளியிருக்கிறேன். எதிரே இருந்தவர் இரண்டு சிறிய ஆட்டினைத் திறந்து வைத்தபோதும், பாட் எனக்குத்தான் என்று கை நீட்டினேன். அவர் என் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இன்னொரு ஆட்டின் எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. ஃப்ளஷ் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அதை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

இரண்டாவது. மேசையில் 10, ஜாக்கி, ராணி, ராஜா, 3, எல்லாம் வகை கலந்து. உங்களிடம் ஏஸ், 9, 5, 5. நாலு தொடர் சீட்டு கண் முன்னே, கையில் இரண்டு முனைக்கும் சீட்டு. ஆனால் ஏஸ் வரை போகும் ஸ்ட்ரெய்ட்டுக்கு ஏஸோடு இன்னொரு சீட்டும் 10, ஜாக்கி, ராணி, ராஜா இவற்றில் ஒன்றாகக் கையில் இருக்க வேண்டும். 9-இல் தொடங்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் அதே கதை. உங்கள் கையில் அப்படி எதுவும் இல்லை. ஏஸையும் 9-ஐயும் சேர்த்து எடுத்தால் இரண்டும் ஒரே ஸ்ட்ரெய்ட்டில் அடங்காது. ஆக இது ஒரு ஜோடி 5 மட்டுமே. ஏஸோடு 10, ஜாக்கி, ராணி, ராஜா இவற்றில் ஒன்றையும் வைத்திருப்பவருக்குத்தான் அங்கே உச்சிக் கை.

மூன்றாவது. மேசையிலேயே ஃபுல் ஹவுஸ்: ஜாக்கி, ஜாக்கி, ஜாக்கி, 5, 5. ஹோல்டெமில் எல்லோருக்கும் அது பொதுச் சொத்து. இங்கே யாருக்கும் அது முழுதாகக் கிடையாது. ஏஸ், ராஜா, ராணி, 7 வைத்திருப்பவருக்கு மூன்று ஜாக்கி மட்டும், கூட ஏஸும் ராஜாவும். கையில் வெறும் ஒரு ஜோடி 2 வைத்திருப்பவர், மேசையின் மூன்று ஜாக்கியைச் சேர்த்து ஃபுல் ஹவுஸ் கட்டி அவரை வென்றுவிடுவார். கையில் ஏஸ் ஜோடி இருந்தால் இன்னும் பெரிய ஃபுல் ஹவுஸ். நாலாவது ஜாக்கி வைத்திருப்பவருக்குக் குவாட்ஸ்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கையில் மூன்று ராஜா வந்தால் சந்தோஷப்படக் கூடாது. இரண்டைத்தான் ஆட முடியும். மூன்றாவது வெறும் சுமை. அதோடு, மேசையில் வந்து உங்களுக்கு உதவக்கூடிய ராஜா கட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நாலு ராஜாவும் உங்களிடமே வந்தால் அது ஒரு ஜோடி ராஜா, மேசையில் இன்னொரு ராஜா வர வழியே இல்லை. ஒரே வகையில் நாலு சீட்டு வருவதும் அப்படித்தான்: ஃப்ளஷுக்கு வேண்டிய சீட்டுகளில் இரண்டை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

படி 5: மேசையைப் படிப்பது

இரண்டு-மூன்று விதி கண்டிப்பானது என்பதால், மேசையைப் படிக்க மூன்று உறுதியான சோதனைகள் கிடைக்கின்றன. மேசையில் ஒரே வகை மூன்று இல்லையா? யாருக்கும் ஃப்ளஷ் இல்லை. ஒரு எண் இரண்டு முறை வரவில்லையா? யாருக்கும் ஃபுல் ஹவுஸும் இல்லை, குவாட்ஸும் இல்லை. ஐந்து எண் இடைவெளிக்குள் மூன்று வெவ்வேறு எண்கள் அடங்கவில்லையா? ஸ்ட்ரெய்ட் இல்லை.

இந்த மூன்றையும் கேட்டு முடித்தால், அந்த மேசையில் இருக்கக்கூடிய மிகப் பெரிய கை எது என்று சொல்லிவிடலாம். ஆட்டக்காரர்கள் அதை நட்ஸ் என்பார்கள். உதாரணத்துக்கு ராஜா, 9, 7, 6, 2, வகை கலந்து. ஃப்ளஷ் இல்லை, ஜோடி இல்லை. 9, 7, 6 மூன்றும் ஐந்துக்குள் அடங்குகின்றன. கையில் 10-8 இருந்தால் 10 வரை ஸ்ட்ரெய்ட், 8-5 இருந்தால் 9 வரை. ஆக நட்ஸ் 10-8. மூன்று ராஜா வைத்திருப்பவர் இந்த மேசையில் மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறார்.

ஒமாஹாவில் ஒவ்வொருவரிடமும் ஆறு ஜதை சுற்றிக்கொண்டிருப்பதால், "அந்தச் சீட்டு யாரிடமாவது இருக்குமா" என்ற சந்தேகத்துக்குப் பெரும்பாலும் இருக்கும் என்பதே பதில். ஹோல்டெமில் இரண்டு ஜோடியை வைத்துத் தைரியமாகத் தள்ளுவது போல இங்கே தள்ள முடியாது. பாட் பெரிதாகும்போது நட்ஸோ அதற்குப் பக்கத்திலோ இருக்க வேண்டும்.

படி 6: பாட் லிமிட் கணக்கு

"பாட்" என்று ஒருவர் சொன்னால், விதி அனுமதிக்கும் உச்சத் தொகைக்கு உயர்த்துகிறார் என்று பொருள். புதியவர்கள் இதை நடுவில் கிடப்பதை எண்ணி அவ்வளவு போடுவது என்று நினைக்கிறார்கள். பெட் வைக்கும்போது அது சரி. ரெய்ஸுக்கு அது போதாது. ரெய்ஸுக்கு வழி இது: முதலில் மனசுக்குள் கால் செய்யுங்கள். அந்தக் காலும் சேர்ந்த பிறகு நடுவில் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு மேலே உயர்த்தலாம்.

நடுவில் 100. எதிராளி 50 வைக்கிறார். இப்போது 150. நீங்கள் 50 கால் செய்வதாக வைத்தால் 200. அந்த 200-ஐ மேலே ஏற்றலாம். ஆக நீங்கள் போடக்கூடியது மொத்தம் 250. மேசையில் வேகமாகச் சொல்ல ஒரு குறுக்குவழி உண்டு: கடைசியாக வைத்த பெட்டை மூன்றால் பெருக்கி, அதற்கு முன் நடுவில் இருந்ததைக் கூட்டுங்கள். மூன்று ஐம்பது 150, அதோடு 100, அதே 250.

ஃப்ளாப்புக்கு முன்பும் இதே கணக்குதான். ப்ளைண்ட் 5, 10. முதலில் பேசுபவர் 10 கால் செய்தால் நடுவில் 25. அதை மேலே ஏற்றினால் அவர் போடுவது 35. அடுத்தவர் அதன் மேல் பாட் சொன்னால்? மூன்று முப்பத்தைந்து 105, முன்னால் இருந்த ப்ளைண்ட் 15, மொத்தம் 120. இரண்டே ரெய்ஸில் 10 என்பது 120 ஆகிவிட்டது. பாட் லிமிட் என்றால் சிறிய ஆட்டம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் செய்து காட்டுவது என் வழக்கம்.

குறைந்தபட்சமும் உண்டு. பெட் என்றால் பிக் ப்ளைண்ட் அளவாவது வைக்க வேண்டும். ரெய்ஸ் என்றால் முந்தையவர் எவ்வளவு உயர்த்தினாரோ அவ்வளவாவது உயர்த்த வேண்டும்.

ஒருவரிடம் சிப்ஸ் தீர்ந்துவிட்டால் இருப்பதை எல்லாம் போட்டு ஆட்டத்தில் நிற்கலாம். அவரிடம் 40, மற்ற இருவர் 100 போட்டார்கள் என்றால், மூவரிடமும் 40 வீதம் 120 முதன்மைப் பாட். மீதி 60 வீதம் 120 பக்கப் பாட், அது அந்த இருவருக்குள் மட்டும். 40 போட்டவர் எவ்வளவு பெரிய கை வைத்திருந்தாலும் பக்கப் பாட்டைத் தொட முடியாது.

படி 7: சீட்டைக் காட்டுவது

ரிவரில் கடைசியாக பெட் அல்லது ரெய்ஸ் செய்தவர் முதலில் காட்டுவார். நாலு சீட்டையும் திறந்து வைக்க வேண்டும். ஆடும் இரண்டை மட்டும் காட்டி மற்றதை மறைக்கக் கூடாது. வாயால் என்ன சொன்னீர்கள் என்பது கணக்கில்லை, சீட்டுதான் பேசும். "ஜோடி" என்று சொல்லிவிட்டு உண்மையில் ஸ்ட்ரெய்ட் இருந்தால் ஸ்ட்ரெய்ட்தான் உங்கள் கை. அதனால் தோற்றுவிட்டோம் என்று தோன்றினாலும் சீட்டைக் கவிழ்த்து எறியாதீர்கள். திறந்து வையுங்கள். நீங்கள் பார்க்காத ஜதையை இன்னொருவர் பார்க்கக்கூடும். இருவர் கையும் சமம் என்றால் பாட் சமமாகப் பிரியும்.

காட்டும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: ஆடும் இரண்டு சீட்டையும் மற்ற இரண்டிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, மேசையின் மூன்றை விரலால் சுட்டிக் காட்டுங்கள். கற்றுக்கொள்ளும் வட்டத்தில் எல்லோரும் இப்படிச் செய்தால் தவறான வாசிப்பு சீக்கிரமே காணாமல் போகும்.

படி 8: எந்த நாலு சீட்டோடு உள்ளே போவது

இது விதி அல்ல. ஆனால் விதியைப் புரிந்துகொண்டதற்கு இதுதான் சோதனை. நாலு சீட்டும் ஒன்றோடொன்று உறவு வைத்திருக்க வேண்டும். ஆறு ஜதையும் வேலை செய்ய வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி, 4 என்று வந்தால் அந்த 4 மூன்று ஜதையைக் கெடுத்துவிடுகிறது. நீங்கள் மூன்றே ஜதையோடு, ஆறு ஜதைக்காரர்களுக்கு எதிராக ஆடுகிறீர்கள். ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று வந்து, இரண்டு ஒரு வகையிலும் இரண்டு இன்னொரு வகையிலும் இருந்தால் அது அழகான கை.

உச்சத்தில் வைத்துப் பேசப்படுவது இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ராஜா, ஆட்டின் ஏஸ், ஆட்டின் ராஜா மாதிரியானது: இரண்டு பெரிய ஜோடி, இரண்டு வகை ஃப்ளஷுக்கும் வாய்ப்பு. ஆனாலும் ஹோல்டெமில் ஏஸ் ஜோடி எந்தச் சிறிய ஜோடிக்கும் எதிராக ஐந்தில் நாலு முறை வெல்வது போல இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வகையில் அமைந்த நாலு தொடர் சீட்டு, இந்த ராஜ கையையும் ஐந்தில் இரண்டு முறை அளவுக்குத் தோற்கடிக்கும். ஃப்ளாப்புக்கு முன் யாரும் வெகுதூரம் முன்னால் இல்லை என்பதுதான் ஒமாஹாவின் இயல்பு.

தொடர் சீட்டுக்கு ஏன் இவ்வளவு பலம்? இதைப் பாருங்கள். கையில் ஜாக்கி, 10, 7, 6. ஃப்ளாப் 9, 8, 2. அடுத்து எந்தச் சீட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட்? ராணி நாலு, ஜாக்கி மூன்று, 10 மூன்று, 7 மூன்று, 6 மூன்று, 5 நாலு. மொத்தம் 20. கண்ணுக்குத் தெரியாத 45 சீட்டில் 20 உங்களுடையவை. ஹோல்டெமில் இரு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 47-இல் 8 மட்டுமே. மேசைச் சீட்டை இப்படிச் சுற்றி வளைப்பதை ராப் என்கிறார்கள்.

ஆனால் இருபதும் ஒரே தரம் இல்லை. ஜாக்கி வந்தால் உங்கள் ஸ்ட்ரெய்ட் ஜாக்கி வரைதான், ராணி-10 வைத்திருப்பவருக்கு ராணி வரை. 10 வந்தாலும் ராணி-ஜாக்கிக்காரர் உங்களுக்கு மேலே. ராணி, 7, 6, 5 வந்தால் மட்டுமே உங்களுடையது மிகப் பெரிய ஸ்ட்ரெய்ட். ஆக நட்ஸ் தருபவை 14, ஆபத்தானவை 6. ஒரே வகை மூன்று சேர்ந்துவிட்டால் அந்த 14-ம் குறையும். எண்ணிக்கையைச் சொல்வதோடு நிறுத்தாமல் இந்தப் பிரிவையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள்.

படி 9: ஹை-லோ

ஹை-லோ வகையில் பாட்டின் பாதி பெரிய கைக்கு, பாதி மிகச் சிறிய கைக்கு. சிறிய கை என்றால் வெவ்வேறான ஐந்து எண்கள், எல்லாம் 8 அல்லது அதற்குக் கீழே. ஏஸ் இங்கே 1. ஸ்ட்ரெய்ட்டோ ஃப்ளஷோ அமைந்தாலும் லோ கையைக் கெடுக்காது. அதனால் ஏஸ்-2-3-4-5-தான் இருப்பதிலேயே சிறந்த லோ. அதே ஐந்தும் ஹை பக்கம் ஸ்ட்ரெய்ட்டாகவும் ஆடும்.

இரண்டு-மூன்று விதி இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பொருந்தும். ஹைக்கு ஒரு ஜதை, லோவுக்கு வேறு ஜதை என்று எடுக்கலாம். மேசையில் 8-க்குள் மூன்று வெவ்வேறு எண்கள் வராவிட்டால் யாருக்கும் லோ கிடையாது, முழுப் பாட்டும் ஹைக்குப் போகும்.

எந்த லோ சிறியது என்பதில் குழப்பம் வரும். பெரிய இலக்கத்திலிருந்து ஒரே எண்ணாகப் படியுங்கள். 8-5-4-2-ஏஸ் என்பது 85421. 7-6-5-4-3 என்பது 76543. எது குறைவு? 76543. அதுதான் வெல்லும். ஏஸும் 2-உம் இருக்கிறதே என்று முதலாவதை உயர்த்திப் பிடித்தால் ஏமாந்துபோவீர்கள்.

கையில் ஏஸ், 2, ராஜா, ராணி. ஃப்ளாப் 8, 7, 4. உங்கள் லோ 87421, அப்போதைக்கு அதுதான் நட்ஸ். டர்னில் 2 வருகிறது. உங்கள் கை மாறவில்லை, ஆனால் ஏஸ்-3 வைத்திருப்பவர் மேசையின் 7, 4, 2-ஐச் சேர்த்து 74321-க்குப் போய்விட்டார். ஒரு சீட்டு உங்கள் 2-ஐ மதிப்பிழக்கச் செய்துவிட்டது. அதனால்தான் ஏஸ்-2 உடன் ஒரு 3-உம் இருப்பது ஹை-லோவில் அவ்வளவு முக்கியம். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்.

இன்னொரு ஆபத்து, கால் பங்கு. இருவர் மட்டும் ஆட்டத்தில், ஆளுக்கு 200 போட்டுப் பாட் 400. இருவரிடமும் ஒரே லோ, ஹை அவரிடம். லோவின் 200 இரண்டாகப் பிரிந்து உங்களுக்கு 100. மேசையிலேயே சிறந்த லோவை வைத்துக்கொண்டு 200 போட்டு 100 எடுக்கிறீர்கள். லோ மட்டும் உள்ள கையோடு பாட்டை ஊதிப் பெருக்காதீர்கள். இரண்டு பக்கமும் எடுக்கக்கூடிய கையைத் தேடுங்கள்.

பழகும் முறை

முதல் பத்து ஆட்டங்களை எல்லோரும் சீட்டைத் திறந்து வைத்தே ஆடுங்கள், பந்தயம் இல்லாமல். ஒவ்வொரு மேசைக்கும் முதலில் நட்ஸ் எது என்று சேர்ந்து சொல்லுங்கள், பிறகு அவரவர் கையைப் படியுங்கள். தனியாக இருந்தால் ஐந்து சீட்டை நடுவில் திறந்து வைத்து, அதற்கு எதிரே நாலு நாலாக மூன்று கைகளைப் போட்டு, யார் வென்றார் என்று கண்டுபிடியுங்கள். அரை மணி நேரம் இதைச் செய்தால், ஒரு மாலை முழுக்க ஆடிக் கற்பதை விட அதிகம் பிடிபடும்.

தொடங்க ஒரு மேசை தருகிறேன். ராணி, 8, 7, 3, 3. இஸ்பேட் இரண்டு மட்டும், மற்றவை கலந்து. முதலாமவர் கையில் ஏஸ், ஏஸ், 3, 5. இரண்டாமவர் கையில் 10, 9, 6, 5. மூன்றாமவர் கையில் 8, 8, ராஜா, 2. முதலாமவருக்கு இரண்டு ஏஸும் ஒரு 3-உம் கையில் இருப்பதால் ஃபுல் ஹவுஸ் என்று தோன்றும். அது மூன்று கைச் சீட்டு, செல்லாது. ஏஸும் 3-உம் எடுத்தால் மூன்று 3, கூட ஏஸும் ராணியும். இரண்டாமவருக்கு 8, 7 இரண்டும்தான் மேசையில் உதவுகின்றன, மூன்றாவது சீட்டு இல்லாததால் ஸ்ட்ரெய்ட் அமையவில்லை. அவருக்குத் தனியாக எதுவும் சேரவில்லை, மேசையின் 3 ஜோடிதான். மூன்றாமவர் இரண்டு 8-ஐயும் மேசையின் 8, 3, 3-உடன் சேர்த்து ஃபுல் ஹவுஸ் கட்டுகிறார். பாட் அவருக்கு.